வலிக்காத பக்கம்

இறந்துபோன மச்சினனின் இடுப்புக்குக் கீழே ஈரத்துணியைக் கொண்டுபோக ஸ்கேன் டாக்டருக்குக் கை வரவில்லை. தினமும் எத்தனையோ ஆண்களின் விதைப்பையில் ஜெல்லைத் தடவி மெஷின் வைத்துப் பார்க்கிற கை. மனைவியின் தம்பி என்றதும் அதற்கு மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதைதான் ஆளைக் கொன்றது. போன வருஷம் இவன் தனியாக ஸ்கேன் அறைக்கு வந்து, இடது பக்கம் வலிக்கிறது, அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று நெளிந்தான்.

"வெக்கப்பட வேண்டியது நான்டா மாப்ளே!"

கேலி பேசிக்கொண்டே இடது விரையை மட்டும் பார்த்தார். கிருமித் தொற்று; மாத்திரையில் தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. ஆனால் மச்சினன் அதற்குள் பேண்ட்டை மேலே இழுத்துவிட்டான். இவரும் விட்டது தொல்லை என்று விளக்கைப் போட்டார். வலது விரையில் கட்டி இருந்தது. வலிக்காததால் அவனும் சொல்லவில்லை. நுரையீரலுக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது.

"குடுங்கண்ணே, நான் துடைக்கிறேன்." மச்சினன் மனைவி துணியை வாங்கிக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை.

மன்னிப்புக் கேட்டு அழுதுவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று இந்தத் தனிமைக்காகத்தான் காத்திருந்தார்.

"தங்கச்சி... அன்னைக்கு நான் ரெண்டு பக்கமும்..."

"தெரியும்." அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "மொதல்ல ஸ்கேன் எடுத்தது யாருன்னு பெரிய ஆஸ்பத்திரியில கேட்டாங்க. யாருமே எடுக்கலைன்னுட்டாரு. அக்கா வாழ்க்கை கெட்டுடும்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

அவருக்கு விம்மல் வெடித்தது.

"அழாதீங்க. எதுக்கு இந்த அழுகைன்னு நாலு பேரு கேப்பாங்க. எங்கிட்ட மன்னிப்பும் கேக்காதீங்க, நான் தரமாட்டேன். அண்ணிகிட்ட மூச்சு விடக் கூடாது. சாகுற வரைக்கும் உள்ளேயே வெச்சுக்கோங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் புருஷனுக்குச் சட்டையை மாட்டி, பொத்தான்களைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டாள்.

அவர் மனைவி ஓடிவந்து தம்பியின் மார்பில் விழுந்தாள். பிறகு திரும்பி, கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

"வீட்லயே டாக்டரை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டானேங்க! உங்ககிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா பொழச்சிருப்பானே!"

அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மச்சினன் மனைவி துணியை வாளியில் முக்கிப் பிழிந்து, உதறி, ஜன்னல் கம்பியில் காயப் போட்டாள்.