உப்புப் பக்கம்

என் மனைவி லிவியா இறந்து பதினோரு மாதம். கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே செதுக்க ஒரு வரி வேண்டும் என்று கல்தச்சர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வரி என்னிடம் இருந்தது. உப்பு கீழே, மக்கு.

நான் டூரின்காரன். ஜெனோவாவுக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், துறைமுகத்துக்குப் பின்சந்தில் பீனோவின் பேக்கரியில் நின்று ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டியைத் தின்றேன். எல்லா வெளியூர்க்காரர்களையும் போல, உப்பும் எண்ணெயும் மின்னும் பக்கம் மேலே இருக்க. பக்கத்தில் நின்றவள் ரொட்டியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"நாக்கு கீழ இருக்கு, உப்பு மேல இருந்தா எப்படி? உப்பு கீழே, மக்கு."

அதுதான் லிவியா. எல்லோரிடமும் இப்படித்தானா என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"உன்கிட்ட மட்டும்தான். உன் மூஞ்சி அப்படி."

அவளும் அவள் தோழி நோயெமியும் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலை செய்தார்கள். என்னை ஒருமுறைகூட வரவிட்டதில்லை. நான் நின்றால் சிரிப்பு வந்துவிடுமாம்.

போன வாரம் பீனோ ரொட்டி வெட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க கதைய நோயெமி சனிக்கிழமை தோறும் இங்க நின்னு தன் கதைன்னு சொல்றா. தெரியும்ல?"

தெரியாது.

சனிக்கிழமை தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் சேர்ந்தேன். ஒன்பது பேர். பேராலயத்தில் காட்சிக்கு வைத்திருக்கும் வெடிக்காத போர்க்குண்டைப் படம் எடுத்தார்கள். வளைவுகளுக்கு அடியில் பொரித்த நெத்திலியைக் காகிதக் கூம்பில் வாங்கித் தின்றார்கள். கடலைமாவு அடையைப் பார்த்து ஒரு ஜெர்மன்காரர் முட்டை எங்கே என்று கேட்டார். "கோழிய ஏன் சார் தொந்தரவு பண்ணணும்?" என்றாள் நோயெமி. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு நன்றாகவே வந்தது.

பேக்கரியில் அதே ஜெர்மன்காரர் கையிலிருந்து ரொட்டியை வாங்கித் திருப்பினாள்.

"நாக்கு கீழ இருக்கு, உப்பு மேல இருந்தா எப்படி? என் புருஷனை நான் இப்படித்தான் பிடிச்சேன். டூரின்காரர். உப்பு கீழே, மக்குன்னேன். விழுந்துட்டார்."

கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தொப்பியைக் கழற்றினேன். அவள் முகம் வெளுத்தது.

"எத்தோரே…"

"உன் புருஷன் இந்தத் தெருவுல பொறந்தவன், நோயெமி."

"ஆமா."

"அது என்னோடது. இனிமே சொல்லாத. அவ கல்லுல செதுக்கப் போறேன்."

அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தாள். "இதைக் காட்டக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா செதுக்கப் போறேன்னு சொல்றியே."

லிவியாவின் கையெழுத்து. எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல். ஏழாவது நிறுத்தம், பீனோ பேக்கரி. 'ரொட்டியைக் கையிலிருந்து வாங்கித் திருப்பு. உப்பு கீழே, மக்கு. என் புருஷனை இப்படித்தான் பிடிச்சேன்னு சொல்லு, டூரின்காரர்னு சொல்லு. நல்லாச் சிரிப்பாங்க.'

மேலே தேதி. நான் இந்த ஊருக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்னால்.

"அப்போ அவளுக்குக் கல்யாணமே ஆகல," என்றாள் நோயெமி. "நீ டூரின்னு சொன்னதும் அன்னைக்கு எனக்கு போன் பண்ணிச் சிரிச்சா. நிஜமாவே ஒருத்தன் வந்துட்டான்டின்னு."

தாளை அவளிடமே கொடுத்தேன்.

"எடுத்துடறேன், எத்தோரே. இனிமே சொல்லல."

"வேணாம், சொல்லு. அவ உனக்கு எழுதிக் கொடுத்ததுதானே."

வாசலில் நின்று கல்தச்சருக்கு போன் செய்தேன்.

"வரி கிடைச்சுதா, தம்பி?"

"வரி வேணாம். பேரும் ரெண்டு தேதியும் போதும்."

பீனோ எதுவும் கேட்காமல் ஒரு துண்டை நீட்டினார். உப்பு மேலே இருக்கும்படியே கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். வாய்க்குப் போகும் முன் கை தானாகவே திருப்பிவிட்டது.