விழவிடாத கைகள்

மாப்பிள்ளை வீட்டார் மலையின் மறுகோடியில் இருக்கும் ஆலத்தூர் நாட்டு ஊரிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்ததும், சின்னுசாமி முதலில் செய்த காரியம் தங்கையின் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது. இரண்டாவது காரியம், தங்கையை ஒளித்து வைப்பது.

"சுகுணா, அவிய வந்துட்டுப் போற வரைக்கும் உள்ளயே இரு சாமி. வலிப்புன்னு தெரிஞ்சா தேன்மொழிய யாரு கட்டுவாங்க?"

"சரிண்ணா. மொளகு மூட்டையோட ஒரு மூட்டையா உக்காந்துக்கறேன். வெலை மட்டும் சொல்லிப்போடாத."

சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள் சுகுணா. முப்பத்தேழு வயது. மாத்திரையால் ஈறுகள் தடித்துப்போனதிலிருந்து அவளுக்குச் சிரிக்க ஒரு கை தேவைப்பட்டது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, கல்யாண வீட்டுக்குப் போகவே கூடாது. அதனால் கைக்கு வேறு வேலை அதிகமில்லை.

அண்ணன் மகள் தேன்மொழி காலையிலிருந்து பட்டினி. பார்க்க வந்தவர்கள் கை நனைக்கும்வரை பெண் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது; உட்காரக் கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. யாராயிருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற்படுத்தியிருப்பார்.

பதினெட்டு வருடத்துக்கு முன் சுகுணாவும் இப்படித்தான் தட்டோடு நின்றாள். கண் இருண்டது. சரிந்தவளை அம்மா ஒரு பக்கமும் அண்ணி ருக்குமணி ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் தரையில் விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது. பிடித்த பிடியிலேயே அவள் கைகால் வெட்டி இழுத்தது. யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். மலையிறங்கி ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ரத்தம் எடுக்கும்போது மறுபடி கண் இருண்டது. நாற்காலியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தார்கள். மறுபடி இழுத்தது. டாக்டரே கண்ணால் பார்த்துவிட்டார். அப்புறம் என்ன, மாத்திரைதான். அதற்குப்பின் ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரையின் மகிமை என்றார்கள்.

மூன்று நாளைக்கு முன், ஈறுகளைக் காட்டத்தான் ருக்குமணியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மா யாரும் கேட்காததையெல்லாம் கேட்டாள். முதல்முறை இழுத்த அன்று சாப்பிட்டாளா? எவ்வளவு நேரம் நின்றாள்? முகம் வெளுத்ததா? விழுந்தபோது யார் பார்த்தது?

"விழலீங்களே டாக்டரு," என்றாள் ருக்குமணி பெருமையாக. "நானும் மாமியாளும் விடவே இல்லீங்க. நிக்க வெச்சே புடிச்சிருந்தமுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "படுக்க வெச்சிருந்தா தலைக்கு ரத்தம் போயிருக்கும்மா. மயங்கினவங்கள நிமித்திப் பிடிச்சா, வெறும் மயக்கத்துக்கே கைகால் இழுக்கலாம். இப்ப உறுதியா சொல்ல முடியாது. வலிப்பா இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. டெஸ்ட் பார்த்துட்டு, கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுப் பார்ப்போம்."

திரும்பும் பஸ் மலையேறிய எழுபது வளைவிலும் ருக்குமணி முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள். சுகுணாதான் கடைசியில் சொன்னாள்: "இருந்தாலும் இருக்குமாம், இல்லாட்டி இல்லையாம் அண்ணி. சாமிகூட இப்படித்தான் குறி சொல்லும்."

இப்போது வாசலில் ஜீப் நின்றது. நலம் விசாரித்தார்கள், மழையைப் பேசினார்கள், மிளகு விலையைப் பேசினார்கள். தேன்மொழி தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த சுகுணாவுக்குத் தெரிந்தது, பிள்ளையின் உதடு வெளுக்கிறது. நெற்றியில் வேர்வை.

தட்டு விழுந்தது. ருக்குமணி பாய்ந்து மகளின் இடுப்பைப் பிடித்தாள்.

"அண்ணி, கைய எடு!"

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து சுகுணா வந்தாள். ருக்குமணி அவள் முகத்தைப் பார்த்தாள். கையைத் தளர்த்தினாள். இருவருமாகத் தேன்மொழியைத் தரையில் கிடத்தினார்கள், எல்லார் முன்னாலும், சிந்திய மிக்சர் மேலேயே. சுகுணா அவள் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இழுக்கவில்லை. விரல்கூட வெட்டவில்லை. நாலு மூச்சு விடும் நேரம். தேன்மொழி கண் திறந்து, "அத்தே, தண்ணி" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். "ஏனுங்க, புள்ளைக்கு என்ன நோவுங்க?"

சின்னுசாமி தங்கையை உள்ளே போகச் சொல்லிக் கண் காட்டினான். சுகுணா வாயைப் பொத்தாமல் பதில் சொன்னாள்.

"பசிங்க."

ஜீப் போய்விட்டது. சின்னுசாமி, "குடி கெட்டுது, குடி கெட்டுது" என்று வாசலில் நின்று வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகுணா பானைக்குள் கைவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்து, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி முன்வாசல் மாடத்தில் வைத்தாள். தேன்மொழி அத்தையின் கையிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ருக்குமணி மகள் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுகுணா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"என்னயும் கெடத்தியிருந்தா இவ்வளவு நேரந்தானா அண்ணி?"

ருக்குமணி தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.