கட்டைவிரல் எந்தப் பிரிவு

...இல்லை, சம்மதம் என்று எப்படிப் போட முடியும், மனைவி கேட்டிருக்கிறாள், சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வருவீங்களா, டீச்சர் ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காங்க என்று, அதற்கு அந்த மகானுபாவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பியிருக்கிறான், அவ்வளவுதான், வருவான் என்றா அர்த்தம், பார்த்துவிட்டேன் ஆளை விடு என்று அர்த்தம், காலையிலிருந்து இவளும் கரடியாகக் கத்துகிறாள், எதிர் மேசைக்காரனுக்கு மண்டையில் ஏறவில்லை. செல்போன் வந்தபின் குடும்பங்களில் பேச்சு வளர்ந்திருக்கிறதா தேய்ந்திருக்கிறதா என்பது பேராசிரியரின் ஆராய்ச்சி... சில குடும்பங்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவையே பெயர்களை நீக்கிக் கொடுத்திருக்கின்றன, ஒவ்வொரு செய்தியையும் இருவர் தனித்தனியே படித்துப் பிரிவு போட வேண்டும், விசாரிப்பு, சம்மதம், தட்டிக்கழிப்பு என்று, இருவர் போட்டதும் ஒத்துப்போனால்தான் செல்லும். எங்கே ஒத்துப்போகிறது? கட்டைவிரல் வந்த இடமெல்லாம் அவன் சம்மதம், அவள் தட்டிக்கழிப்பு. தம்ஸ் அப்னா சரின்னுதானேக்கா அர்த்தம், நீங்க ஏன் எல்லாரையும் சந்தேகப்படறீங்க என்கிறான். கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது, இவ்வளவு வெள்ளந்தியாக ஒரு மனுஷன் இருக்க முடியுமா, இவனை வைத்துக்கொண்டு நாளைக்குள் பேராசிரியருக்கு எதைக் கொடுப்பது?

சரி, கண்ணால் பார்த்தால்தான் நம்புவான், தன் போனையே எடுத்தாள். இங்க பாருங்க தம்பி, எங்கப்பா தினமும் காலையில ஒரு பூப்படம் அனுப்புவாரு, நானும் தினமும் கட்டைவிரல் போடறேன், நான் எதுக்குச் சம்மதிச்சேன் சொல்லுங்க? பூவுக்கா? கையை நீட்டிக் காட்டினாள், ரோஜா, கட்டைவிரல், தாமரை, கட்டைவிரல், அப்பாவுக்கு இது எங்கிருந்துதான் கிடைக்கிறதோ, பாவம், கண்ணில் புரை மறைக்கிறது, எழுத்தெல்லாம் மங்கல், அதனால்தான் படம், ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்களா என்று கேட்க வேண்டும், போன வாரமே கேட்க நினைத்து... அவன் சிரிக்கவில்லை. "அக்கா, இன்னிக்குப் பூவுக்குக் கீழே ஏதோ எழுதியிருக்காரே" என்றான்.

எழுதியிருந்தார். நாளைக்குக் கண் ஆபரேஷன்மா, நீ கூட வர்றியா, இல்ல நான் டாக்சில போயிக்கட்டுமா. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருக்கிறார், அதற்கு அடியில் அவளுடைய கட்டைவிரல், இந்தச் சண்டைக்கு நடுவில் போட்டது. ரெண்டில் ஒன்றைக் கேட்டவருக்கு இது என்ன பதில்? வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாமே, எடுத்துக்கொண்டிருப்பார், பெற்ற அப்பா அப்படித்தானே எடுத்துக்கொள்வார்... ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டாள். நாளைக்கு எத்தனை மணிக்குப்பா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அதான் நீ சொல்லிட்டியேம்மா. டாக்சிக்குச் சொல்லிட்டேன்."

குரலில் கோபமோ குறையோ எதுவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. இல்லப்பா நான் வர்றேன் என்றாள், எதுக்கும்மா, உனக்கு வேலை கெடும் என்றார், வர்றேன்ப்பா என்றாள் மறுபடியும், சரி சரி, முடிஞ்சா பாரு என்று வைத்துவிட்டார். முடிஞ்சா பாரு... நாளைக்கு விடியுமுன் போய் வாசலில் நின்றாலும் அவர் டாக்சிக்குச் சொன்னது சொன்னதுதானே, பயிற்சி எதுவும் இல்லாமல், யாரோடும் வாதாடாமல், அவள் கட்டைவிரலைப் பார்த்தவுடன் சரியான பிரிவைப் போட்டிருக்கிறார். இருவர் போட்டதும் அச்சாக ஒத்துப்போகிறது. இடத்துக்குத் திரும்பியபோது எதிர் மேசைக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். "நீங்க சொன்னதுதான் சரிக்கா, எல்லாத்தையும் தட்டிக்கழிப்புன்னே மாத்திடறேன்" என்றான். இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டது இதற்குத்தான், ஆனால் இப்போது, இன்னும் ஒரே ஒரு தடவை அவன் மறுத்துப் பேச மாட்டானா என்று இருந்தது அவளுக்கு.