பத்து வருட ஒயின் போதவில்லை

போர்ட் ஒயின் எத்தனை வருடம் பழையதோ, குடித்தவருக்குக் கடைசி அத்தனை வருடங்களும் ஒரு மணி நேரத்துக்கு நினைவில் இருக்காது. ஆகவே புதுச்சேரியில் போர்ட் சுவைக்க வீட்டுக்கு ஆள் அழைப்பவர்கள், கோப்பைகளைத் துடைப்பதற்கு முன்னால் காலண்டரைக் கழற்றிவிடுவார்கள். நானும் கழற்றினேன். கைபேசிகளை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

அழைத்தது இரண்டே பேரை. என் கணவர் சவரிநாதனின் அண்ணன் அந்துவான், அவர் மனைவி ரோசலி. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அண்ணன்தான் கோவில் பாடகர் குழுவை நடத்துகிறார். ஒரு கிறிஸ்துமஸுக்குத் தம்பி பாட வேண்டிய தனிப்பாட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். "உனக்குச் சுருதி இறங்குதுடா" என்று முப்பது பேர் முன்னிலையில் சொன்னார். அதன் பிறகு என் கணவர் குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை. பதினோரு வருடமாகத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

யோசனை ரோசலி அக்காவுடையது. பாரிஸிலிருந்து அவருடைய மாமா இரண்டு புட்டிகள் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று பத்து வருடம், மற்றது இருபது.

"பத்தே போதும் பிலோமின். சண்டைக்கு முன்னாடி கொண்டுபோய் விட்டுடும்" என்றார் அக்கா. எண்ணியதில் அவருக்கு ஒரு வருடம் விட்டுப்போயிருந்தது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். சகோதரர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, குடித்தார்கள். இருவரும் போய்ச் சேர்ந்த இடத்தில் சண்டைக்கு ஒரு வயது.

"இவன் வீட்டுக்கு என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்று அந்துவான் எழுந்து நின்றார்.

"அந்த ஆளை முதல்ல வெளிய போகச் சொல்லு" என்றார் என் கணவர்.

பதினோரு வயதில் வாய் திறக்காத சண்டைக்கு ஒரு வயதில் நல்ல தொண்டை இருந்தது. முந்திரித் தட்டு உடைந்தது. நானும் அக்காவும் சமையலறையில் நின்றபடி மணி ஐந்தாவதற்குக் காத்திருந்தோம். ஐந்தானதும் மிச்சப் பத்து வருடங்கள் திரும்பி வந்தன. இருவரும் பழையபடி சுவர்களைப் பார்த்து அமைதியாக உட்கார்ந்தார்கள்.

அக்கா விரல் விட்டு மறுபடி எண்ணினார். "பதினொண்ணு" என்றார். இருபது வருடப் புட்டியைத் திறந்தோம். மாமா கொடுத்தனுப்பியது திறந்திருக்கும்போது எழுந்துபோவது மரியாதை இல்லை என்பதால் இருவரும் குடித்தார்கள்.

இவ்வளவு தூரம் போகிற ஒயினுக்கு, வீட்டுப் பெண் தன் பெயரையும் உறவையும் ஒரு சீட்டில் எழுதிச் சேலையில் குத்திக்கொள்வது முறை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம்தான். தட்டுச் சில்லுகளைப் பொறுக்கிய அவசரத்தில் நான் பெயரை மட்டும் எழுதிக் குத்திக்கொண்டேன்.

"டேய் சவரி, அந்த ரெண்டாவது அடியைப் பாடு" என்றார் அந்துவான்.

என் கணவர் பாடினார். அண்ணன் அவர் தோளில் தாளம் போட்டார். "இங்க உனக்குச் சுருதி இறங்குதுடா."

"ஆமாண்ணே. சொல்லிக் குடு."

அண்ணன் சொல்லிக்கொடுத்தார். ரோசலி அக்கா முந்திரி எடுத்து வந்தார். அந்துவானுக்கு அப்போது கல்யாணமாகி ஒரே வருடம் என்பதால், தட்டோடு சேர்த்து அக்காவின் கையையும் பிடித்துக்கொண்டார். அக்கா கையை எடுக்கவில்லை.

என் கணவர் என் சீட்டைப் படித்தார். பிறகு அண்ணன் காதில் ஏதோ கேட்டார். அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. உங்க வீட்டுல பெரியவங்க யாரு? தம்பிக்குப் பெண் பார்த்துக்கிட்டிருக்கோம்."

"அப்பா இருக்கார். காரைக்கால்" என்றேன்.

"சம்மதந்தானா உனக்கு?"

நான் என் கணவரைப் பார்த்தேன். கையில்லாத பனியனும் தொப்பையுமாக, இருபத்து நான்கு வயதுக் கூச்சத்தோடு ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சம்மதம் என்றேன்.

மறுபடி பாட ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடியின் நடுவில் ஒரு மணி நேரம் முடிந்தது. பாட்டு நின்றது. சண்டையின் பதினோரு வருடமும் வந்து சேர்ந்தது இருவர் முகத்திலும் தெரிந்தது. அண்ணனின் கை தம்பியின் தோளிலேயே இருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

என் கணவர் கேட்டார்: "எந்த இடத்துலண்ணே இறங்குது?"

அண்ணன் தொண்டையைச் செருமிவிட்டுப் பாடிக் காட்டினார்.

கேட்டது அண்ணன், சம்மதம் சொன்னது நான். பேச்சு பேச்சுதான். அடுத்த ஞாயிறு கோவிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்தார்கள். தடை இருந்தால் சொல்லலாம் என்றார் சாமியார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஓலை வாசித்த பெண் கல்யாணம் வரை மாப்பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது என்பதால் பெட்டியைக் கட்டினேன். சவரிநாதன் பேருந்து நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டார். குளித்துவிட்டு வந்திருந்தார். பேருந்து கிளம்பும்வரை அந்த இரண்டாவது அடியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

காரைக்காலில் அப்பா காப்பி கொடுத்தார். மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்தார்.

"பார்க்கலாம்ப்பா. கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"அண்ணன் தம்பி ஒத்துமையா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப விட்டுடாதே" என்றார் அப்பா.