இறுக்கித் தைத்த கொய்யா

தையல்காரருக்கும் மகனுக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சு ஒரு கொய்யாச் செடிதான். மகனும் தன்னைப்போல் தையல் மிஷினில்தான் உட்கார வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்க, அவன் பின்தோட்டத்தில் அந்தச் செடியை நட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு ஊர்க்கதையெல்லாம் பேசுவான். போன் இவர் கைக்கு வந்தால் ஒரே கேள்வி, "செடி எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு" என்பார். அந்த ஒரு கேள்விக்காக மனுஷன் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

இந்த ஞாயிறு விடிந்ததுமே காற்று பேயாட்டம் போட்டது. செடி போய்விட்டால் அவன் இனி எதைக் கேட்பான்? ஏற்கெனவே நட்டிருந்த மூன்று குச்சிகள் போதாதென்று, பைகளுக்குத் தைக்கும் கித்தான் பட்டையை எடுத்துப்போனார். இடுப்பளவு எடுப்பதுபோல் தண்டை அளந்து, நூலிழை இடம் விடாமல் குச்சிகளோடு சுற்றி, நின்ற வாக்கிலேயே ஊசியால் தைத்தும் விட்டார். இவர் தைத்தால் பிரியாது, அதில் அவருக்குக் கர்வம் உண்டு.

"கொஞ்சம் தளர்த்தி விடுங்க. ஆடினாத்தானே தண்டு தடிக்கும்?" என்றாள் மனைவி.

"அம்மியே பறக்குற காத்துல ஆட விடணுமா? போய் வேலையப் பாரு."

மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோதும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அடித்தண்டு அசையவேயில்லை. தலை மட்டும் கிடந்து அலைந்தது. திடீரென்று மடக்கென ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தார். குச்சிகள் நின்றன, தையலும் பிரியவில்லை. கித்தான் பட்டைக்குச் சற்று மேலே செடி முறிந்து தொங்கியது.

சாயங்காலம் போன் வந்தது. மனைவி பேசி முடித்து, போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்குன்னே சொல்லிடுங்க" என்று கிசுகிசுத்து இவரிடம் நீட்டினாள்.

"செடி எப்படி இருக்கு?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"ஒடிஞ்சு போச்சுடா. காத்து மேல குத்தமில்ல. நான்தான் ரொம்ப இறுக்கிட்டேன்."

மகன் போனை வைத்துவிட்டான் என்றே நினைத்தார்.

"அடித்தண்டு பச்சையா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப துளிர்க்கும். இந்தத் தடவை கட்டாதீங்க."

"கட்டல."

இனி வைத்துவிடுவான் என்று காதிலிருந்து போனை எடுக்கப்போனார்.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"

தையல்காரர் போனைத் திரும்பக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னும் இல்லப்பா" என்றார்.