எதிராளியின் பெயர்

வீரம்மாவின் வீட்டுச் சுவர் வெடிப்பில் இப்போது கை நுழைகிறது. பக்கத்துக் குவாரியில் செவ்வாய்தோறும் வெடி வைப்பார்கள். அடுத்த வெடிக்குச் சுவர் விழும் என்று மேசன் சொல்லிவிட்டார். ஒரே அறை வீடு. அந்தச் சுவரோடுதான் நடக்க ஏலாத அவரது கணவர் பழனியாண்டி படுத்திருக்கிறார்.

குவாரிக்குச் சம்மதம் என்று ஊராரின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தவன் நான், குகதாசன், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர். றோட்டுப் போடுவதைப் பற்றிக் கதைக்க வந்த கம்பனி, கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சோத்துப் பார்சல் கொடுத்தது. எங்கள் ஊரில் பார்சல் வாங்கினால் தாளில் கையெழுத்தும் வைப்பார்கள். தாளின் மேற்பாதி வெறுமையாக இருந்தது. நானும் பெரிய மனுசன்போல அடியில் முத்திரை குத்திக் கொடுத்தேன். வெறும் இடத்தில் சம்மதத்தைப் பிறகு எழுதியிருக்கிறார்கள். நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

கம்பனியிடம் போனேன். அனுமதி தந்தது அரசாங்கத் திணைக்களம் என்றார்கள். திணைக்களம், ஊர்தானே சம்மதித்தது என்றது. கடைசியாக ஏறிய பிரதேச செயலகக் கந்தோரில் ஓர் அம்மா மட்டும் உருப்படியாகச் சொன்னார்: பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் செவ்வாய் வெடியை நிறுத்தி வைக்கலாம்.

திங்கள் காலை வீரம்மாவும் நானும் பொலிசில் இருந்தோம். சார்ஜன்ட் தில்லைநாதன் புத்தகத்தை விரித்தார்.

"ஆருக்கு எதிரா?"

"கம்பனிக்கு," என்றேன்.

"ஆளின்ர பேர் வேணும்."

"கூட்டத்துக்கு வந்த மனேச்சர் வேற இடத்துக்கு மாறிப் போட்டார். பேர் தெரியாது."

"அனுமதிக் கடிதத்தில?"

கடிதத்தை நீட்டினேன். 'பணிப்பாளருக்காக' என்று போட்டு ஒரு கிறுக்கல். சார்ஜன்ட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான், அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது.

கையிலிருந்த கடிதக் கட்டு முழுவதையும் புரட்டினேன். செய்தவன் என்று வாசிக்கக்கூடிய பெயர் ஒன்றுதான் இருந்தது, முத்திரையோடு.

"வீரம்மா, என்ர பேரைச் சொல்லுங்கோ."

"அண்ணன் பேரையா? நான் மாட்டேங்க."

"நாளைக்குச் செவ்வாய்."

அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பெயரைச் சொன்னார். சார்ஜன்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மோசடி வழக்கு வரும், அண்ணை. யோசிச்சோ சொல்லுறியள்?"

"எழுதுங்கோ."

எழுதினார். இலக்கத்தை ஒரு துண்டில் குறித்து வீரம்மாவிடம் கொடுத்தார். கந்தோருக்குப் போகும் பஸ் வரப்போகிறது என்று அவரை அனுப்பிவிட்டு நான் வாக்குமூலத்துக்கு இருந்தேன்.

"குற்றத்தை ஒத்துக்கொள்ளுறியளோ?"

"ஓம். தனியாச் செய்யேல்லை எண்டும் எழுதுங்கோ."

பேனை நின்றது. "அப்ப மற்ற ஆக்கள் ஆர்?"

"வழக்கு எழுதியாச்சு, ஐயா. இனி அதைக் கண்டுபிடிக்கிறது உங்கட வேலை."