பெரட்டுக்கு வாங்க

கடையின் பேரைக் கேட்டதுமே சிநேகிதி முஷ்ரிபா தலையில் அடித்துக்கொண்டாள். "பெரட்டா? விடிஞ்சா தேயிலைத் தோட்டத்துல வரிசையா நின்னு, பேர் குடுத்துட்டு வேலைக்குப் போறதுதானே பெரட்டு? அதைக் கேட்டா யாருக்கு ஜெபா பசிக்கும்?"

ஜெபமலர் கேட்டால்தானே! பதினைந்து வருடம் பெரட்டில் நின்ற காலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? தெமோதரை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் நாலு மேசை போட்டு, 'பெரட்டு' என்று போர்டும் மாட்டிவிட்டாள். பதுளை பஜாரில் போன் கடை வைத்திருக்கும் முஷ்ரிபா திட்டிக்கொண்டே பேஸ்புக்கில் பக்கம் திறந்தாள், கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தாள், ரொட்டியும் கோழியும் போட்டோ ஏற்றினாள். "சனங்க இப்ப காலால கடை தேடுறதில்லடி, விரலால தேடுறாங்க" என்றாள்.

விரல்கள் வந்தன, ஆட்கள்தான் வரவில்லை. முதல் விளம்பரத்துக்கு நூற்றெண்பது சிரிப்புப் பொம்மை விழுந்தது. "வாரத்துல ஆறு நாள் நிக்கிறது பத்தாதா, சோறு திங்கவும் பெரட்டா?" என்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ரமேஸ் எழுத, அதற்குக் கீழே ஒரு லயத்து வீட்டுச் சனம் முழுக்கக் கூடிக் கும்மி அடித்தது.

ஜெபமலரும் சிரித்தாள்தான். ஆனால் அலுமாரியில் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. கடை ஓடாவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு வருவதாக ஏஜென்டிடம் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை காலை அவர் முடிவு கேட்பார். ஒன்பது வயது மகள் நிலுக்ஷியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு வருடம். பிள்ளை இப்போதே தானாகத் தலை பின்னிப் பழகிக்கொண்டிருந்தாள். அதைத்தான் ஜெபமலரால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு வேன் வந்து நின்றது. இலங்கையைச் சுற்ற வந்து, எல்ல ஊரைப் பார்த்துவிட்டுப் பதுளைக்குப் போகிற மதுரைக்காரர்கள், ஒன்பது பேர். முதலில் இறங்கிய மீசைக்காரர், "தங்கச்சி, கோழிப் பெரட்டு இருக்குல்ல?" என்றார்.

ஜெபமலருக்கு ஒன்றும் ஓடவில்லை. "கோழிக்கு எதுக்குங்க பெரட்டு? அது மனுசங்களுக்குத்தானே!"

அவர் போனைக் காட்டினார். அவர்கள் ஊரில் பெரட்டு என்றால் மசாலாவில் சுண்டச் சுண்ட வதக்கிய கறியாம். பசியில் அந்தச் சொல்லைத் தட்டியிருக்கிறார்கள், மேப் நேராக இவள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அடக் கடவுளே!

விஷயம் தெரிந்ததும் சிரிப்பான சிரிப்பு. ஆனாலும் இரண்டு பேர் மறுபடி வேனில் ஏறப்போனார்கள். ஜெபமலர் ஓடிப்போய் மறித்தாள்.

"இருங்க, இருங்க! இன்னைக்கு ரெண்டு பெரட்டும் இருக்கு!"

கோழிக் குழம்பைத் தாச்சிச் சட்டியில் கொட்டி, மிளகைத் தட்டிப்போட்டு, கறிவேப்பிலையோடு வற்ற வற்றப் பிரட்டினாள். வாசம் தண்டவாளம் வரைக்கும் போனது. பிறகு நிலுக்ஷியின் பள்ளிக்கூடக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை தோரணையில் வாசலில் நின்றாள்.

"வரிசையா நில்லுங்க! பேர் குடுத்தாத்தான் சோறு!"

பேரைக் கூப்பிடக் கூப்பிட, "இருக்கேன்!" என்று கத்திக்கொண்டு ஒவ்வொருவராகத் தட்டை வாங்கினார்கள். மீசைக்காரர் அத்தனையையும் வீடியோ எடுத்து ஏற்றிவிட்டார்.

மறுநாள் பின்னேரம் மூன்று வேன்கள் வந்தன. ரமேஸும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, அசடு வழிய வரிசையில் நின்றான். "அடியே, மேப்புல எத்தனை பேர் வழி கேக்குறாங்க தெரியுமா!" என்று முஷ்ரிபா போனில் அலறினாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டேசன் வரைக்கும் வரிசை நின்றது. பள்ளிக்கூடச் சட்டையோடு நிலுக்ஷி கொப்பியில் பேர் எழுதிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஜெபமலர், வர்றீங்கதானே?" என்றார் ஏஜென்ட்.

நிலுக்ஷியின் பேனை அப்படியே நின்றுவிட்டது.

"என் பேருக்கு நேரா, வரலன்னு போட்டுக்கங்க சார்" என்று ஜெபமலர் போனை வைத்தாள். "என்னடி பாக்குற? அடுத்த பேரைக் கூப்பிடு."

நிலுக்ஷி கொப்பியைப் பார்க்கவே இல்லை. "ஜெபமலர்!" என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன்டி" என்றாள் அம்மா.